நவூரு: ஒரு தீவும் அதன் மண்ணும் – கேள்வி பதில்

பசிபிக் கடலில் உள்ள நவூரு பற்றி வந்த கேள்விகளில் ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வரைபடத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவே இல்லை. எங்கே இருக்கிறது? தலைநகர் எது?

ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே நிலநடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டே போங்கள். கோட்டுக்குத் தெற்கே அரை பாகையில், கிழக்குத் தீர்க்கரேகை 167ஐ ஒட்டி ஒரு புள்ளி தெரியும். பரப்பு 21 சதுர கி.மீ., மக்கள் சுமார் 12,000 பேர். மிக அருகில் உள்ள நிலம் கிரிபாட்டி நாட்டின் பனாபா தீவு. அதற்கே கிழக்கில் சுமார் 300 கி.மீ. போக வேண்டும்.

சட்டப்படி தலைநகர் கிடையாது. நாடாளுமன்றமும் அரசு அலுவலகங்களும் யாரென் மாவட்டத்தில் இருப்பதால் பல புத்தகங்கள் யாரெனைத் தலைநகராகப் போட்டுவிடுகின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

கேள்வி: நான் புவியியல் ஆசிரியை. பவளத்தீவு என்றால் மாலத்தீவு மாதிரித் தட்டையாகத்தானே இருக்கும்? நவூருவில் நடுவே மேடு எப்படி வந்தது?

நவூரு கடலுக்கு மேல் எழும்பிய பவளத்தீவு, டீச்சர். அடியில் எரிமலை, அதன் தலையில் பவளம் வளர்ந்த சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறை கடல்மட்டத்துக்கு மேலே வந்த பிறகு மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து ஊசி ஊசியாக நிறுத்திவிட்டது. ஊசிகளுக்கு இடையிலான குழிகளில், உரம் தயாரிக்க உதவும் கனிமமான பாஸ்பேட் நிரம்பியது.

குறுக்குவெட்டாகக் கரும்பலகையில் வரைந்தால் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும். வெளியே கரையை ஒட்டிய பவளத்திட்டு, அதைத் தாண்டினால் செங்குத்தாக ஆழம். உள்ளே 150 முதல் 300 மீட்டர் அகலக் கரையோர நிலம். தென்னையும் வீடுகளும் சாலையும் இங்கேதான். அடுத்து ஒரு சரிவு ஏறினால் 'டாப்சைட்' என்று அவர்கள் சொல்லும் மேட்டுநிலம். உச்சிகூட 70 மீட்டர் அளவுதான். தென்மேற்கில் புவாடா என்ற குளம், சுற்றிலும் வளமான மண். ஆறு ஒன்றுகூட இல்லை.

கேள்வி: பாஸ்பேட் கடற்பறவைகளின் எச்சமா? அதை எப்படி எடுத்தார்கள்?

பறவை எச்சம்தான் மூலம் என்பது பரவலான விளக்கம். கடல் உயிரிகளிலிருந்து வந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு.

கண்டுபிடித்த விதம் விசித்திரமானது. சிட்னியில் ஒரு வணிக நிறுவன அலுவலகத்தில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நவூருவிலிருந்து வந்த அந்தக் கல்லை எல்லாரும் கல்லாகிப்போன மரம் என்று நினைத்திருந்தார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் சோதித்துப் பார்த்தபோது அது உயர்தர பாஸ்பேட். 1906இல் சுரங்கவேலை தொடங்கியது. மறு ஆண்டில் முதல் சரக்கு கப்பல் ஏறியது.

எடுக்கும் முறை இது: மேலிருக்கும் செடிகொடியையும் மண்ணையும் வழித்து ஒதுக்குவார்கள். கிரேனில் தொங்கும் கவ்வுவாளியை ஊசிப்பாறைகளுக்கு நடுவே இறக்கி பாஸ்பேட்டை அள்ளுவார்கள். உடைத்து, உலர்த்தி, கன்வேயரில் கரைக்குக் கொண்டுவருவார்கள். இயற்கைத் துறைமுகம் இல்லாததால் கப்பலை ஆழ்கடல் மிதவைகளில் கட்டி நிறுத்தி, பவளத்திட்டைத் தாண்டி நீளும் இரும்புக் கைகள் வழியாகக் கொட்டுவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குக் காற்று கிளம்பினால் கப்பல் நிற்காது, ஏற்றுமதியும் நின்றுவிடும்.

கேள்வி: "பணம் வந்ததும் ஆட்டம் போட்டு அழிந்த நாடு" என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?

இந்தப் பேச்சை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1888இல் ஜெர்மனி தீவை எடுத்துக்கொண்டது. 1914இல் ஆஸ்திரேலியப் படை கைப்பற்றியது. 1919இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் ஒப்பந்தம் போட்டு பாஸ்பேட்டை 42, 42, 16 சதவீதமாகப் பங்கிட்டுக்கொண்டன. பாஸ்பரஸ் குறைந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு அது உலகச் சந்தை விலையைவிட மிகக் குறைவாக, அடக்க விலைக்கே போனது. கந்தக அமிலம் சேர்த்தால் சூப்பர் பாஸ்பேட் உரம். அந்த நாடுகளின் கோதுமையும் மேய்ச்சல் புல்லும் அதில்தான் செழித்தன. நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது டன்னுக்கு அரைப் பென்னி.

1968 ஜனவரி 31இல் விடுதலை. அதற்குள் சுரங்கப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோண்டி முடிந்திருந்தது. தங்கள் தீவில் இருந்த சுரங்கத் தளவாடங்களையே 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வாங்கித்தான் 1970இல் சுரங்கத்தைத் தம் கைக்குக் கொண்டுவந்தார்கள்.

பிறகு நடந்த தவறுகளை மறைக்க வேண்டியதில்லை. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், தாங்க முடியாத அளவு விமானச் சேவை, லண்டனில் ஒரு இசை நாடகத்துக்கு முதலீடு, கடைசியில் கணக்கில்லாமல் பெயரளவு வங்கிகளுக்கு உரிமம். கடனுக்காக அந்தக் கட்டடம் 2004இல் விற்கப்பட்டது. 2005 டிசம்பரில் எஞ்சியிருந்த ஒரே விமானமும் பறிமுதலானது. ஆனால் முதல் அறுபது ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டுக் கடைசி முப்பதை மட்டும் சொல்வது நியாயமல்ல. விடுதலைக்கு முன் தோண்டிய நிலத்துக்காக நவூரு 1989இல் ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 1992இல் நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே ஆஸ்திரேலியா 10.7 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

கேள்வி: கொடியில் இருக்கும் நட்சத்திரத்துக்கு ஏன் 12 முனை?

12 குலங்கள். அவற்றில் இருட்சி, இவி இரண்டும் அற்றுப்போயின.

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் மக்களை நாடுகடத்தினார்கள் என்கிறார்களே?

ஆம். 1942 ஆகஸ்டில் ஜப்பான் தீவைப் பிடித்து, சுமார் 1,200 நவூருக்காரர்களைக் கட்டாய உழைப்புக்காக ட்ரக் தீவுகளுக்கு (இன்றைய மைக்ரோனேசியாவின் சூக்) கொண்டுபோனது. தொழுநோயாளிகள் 39 பேரைப் படகில் ஏற்றிக் கடலில் மூழ்கடித்தது. ட்ரக்கிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் 737 பேர். அவர்கள் கரையேறிய நாள் 1946 ஜனவரி 31. விடுதலைக்கு அதே தேதியைத் தேர்ந்ததன் காரணம் அதுதான்.

அக்டோபர் 26இல் 'அங்காம்' நாள் கொண்டாடுவார்கள். இனம் பிழைக்க 1,500 பேராவது வேண்டும் என்று கணித்திருந்தார்கள். 1920இன் இன்புளுவென்சாவுக்குப் பிறகு 1932இல் அந்த எண் எட்டியது. போரில் மறுபடி சரிந்து, 1949இல் மறுபடி எட்டியது.

கேள்வி: தோண்டிய இடத்தில் மண்ணைக் கொட்டி மரம் நட்டால் என்ன?

சொல்வது எளிது. பாஸ்பேட்டை அள்ளியபின் ஆளுயரத்தைவிடப் பலமடங்கு உயர்ந்த சுண்ணாம்பு ஊசிகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றை உடைத்துக் குழியை நிரப்பினாலும் வெறும் சுண்ணாம்புக் கல். மழைநீர் நிற்காமல் நேரே கீழே இறங்கிவிடும், செடிக்கு ஈரம் தங்காது. மேல்மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்தால் செலவு மலைக்க வைக்கும். 2006 வாக்கில் ஊசிகளை உடைத்து அடியில் மிஞ்சிய பாஸ்பேட்டையும் எடுக்கத் தொடங்கினார்கள். வருமானமும் சமன்படுத்தலும் ஒன்றாக நடக்கும் வழி என்பதால் இதுவே நடைமுறைக்கு ஒத்துவருவது.

கேள்வி: ஆறு இல்லையென்றால் குடிநீர்?

கூரையில் பிடிக்கும் மழைநீரும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும். ஆண்டுச் சராசரி மழை 2,000 மி.மீ. என்றதும் ஏமாந்துவிடாதீர்கள், 300க்குக் கீழே போன ஆண்டும் 4,500ஐத் தாண்டிய ஆண்டும் உண்டு. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் கொட்டும், குளிர்ந்துபோகும் லா நினா வந்தால் வறட்சி. நிலத்தடியில் உப்புநீர் மேல் மிதக்கும் நன்னீர்ப் படலம் அங்கங்கே, மெல்லியதாக. அதிகம் இறைத்தால் உப்பு ஏறும், கழிவுநீர்த் தொட்டிகளின் கசிவும் கலக்கும். ஆலை பெரும்பாலும் டீசல் மின்சாரத்தில் ஓடுவதால், எண்ணெய்க் கப்பல் தாமதித்தால் தண்ணீரும் தாமதிக்கும்.

கேள்வி: ஈழத்தமிழர்களை அங்கே அடைத்து வைத்தார்களாமே?

ஆம். கடல்வழி வந்த அகதிகளை நவூருவில் தடுத்து வைக்கும் ஏற்பாட்டை ஆஸ்திரேலியா 2001இல் தொடங்கியது. 2007இல் 83 இலங்கையரை அங்கே அனுப்பியது, பெரும்பாலோர் தமிழர். 2008இல் மூடிய முகாமை 2012 செப்டம்பரில் திறந்தபோது முதலில் இறக்கப்பட்டவர்களும் இலங்கையர்தான். பாஸ்பேட் வற்றிய பிறகு அந்த முகாமுக்காக ஆஸ்திரேலியா கொடுக்கும் பணம் நவூரு அரசின் பெரிய வருமானமாகிவிட்டது.

கேள்வி: வேறு வருமானமே இல்லையா?

மீன். நிலம் 21 சதுர கி.மீ. என்றாலும் கடல் உரிமை 3 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல். 1982 நவூரு உடன்படிக்கையில் சேர்ந்த எட்டு நாடுகள், சூரை பிடிக்க வரும் வெளிநாட்டுப் படகுகளுக்கு நாள் கணக்கில் உரிமம் விற்கின்றன. ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 8,000 அமெரிக்க டாலர் என்று சேர்ந்து நிர்ணயித்தார்கள். தனித்தனியாகப் பேரம் பேசிய காலத்தில் விலையைச் சொன்னது படகுக்காரன்.

கேள்வி: போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். பிரிஸ்பேனிலிருந்து நவூரு ஏர்லைன்ஸ் போகிறது. செலாவணி ஆஸ்திரேலிய டாலர், ரொக்கமாகவே கொண்டுபோங்கள். தீவைச் சுற்றும் சாலை சுமார் 19 கி.மீ. டாப்சைட்டுக்கு உள்ளூர்க்காரர் துணையில்லாமல் போகாதீர்கள்: ஊசிப்பாறைகளின் இடுக்குகளைக் கொடி மூடியிருக்கும், கால் வைத்தால்தான் பள்ளம் என்று தெரியும். நிழலும் இருக்காது, தண்ணீரும் கிடைக்காது. காலையிலேயே போய் வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள்.