சதுரங்கப் பலகையின் அரிசிக் கணக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என 64 கட்டங்களிலும் இரட்டித்தால் மொத்தம் எவ்வளவு?

18446744073709551615. அதாவது 2⁶⁴ − 1. வாயால் சொல்வதானால், ஏறக்குறைய ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கோடி கோடி. ஓர் அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் எடை சுமார் 46,000 கோடி டன் வரும்.

கேள்வி: இது பகா எண்ணா?

இல்லை. 5-இல் முடிகிறதே, அங்கேயே தீர்ந்தது. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், சுவையே இனிமேல்தான். பள்ளியில் படித்த அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) நினைவிருக்கிறதா? 2⁶⁴ − 1 என்பதை (2³² + 1)(2³² − 1) என்று பிரியுங்கள். பின்பகுதியை மறுபடி பிரியுங்கள், மறுபடியும். கடைசியில் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று ஆறு எண்கள் வரிசையாக வந்து நிற்கும். ஓர் எண்ணில் ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வரும். இப்படி நீளும் குடும்பம் முழுவதும் பகா எண்களே என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். முதல் ஐந்தும் அப்படித்தான். ஆறாவதை 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் உடைத்தார்: 641 × 6700417.

இதைப் பெருக்கிப் பார்க்காமலே சரிபார்க்கலாம். 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴-உம் கூட. ஆகவே 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷-இன் மீதி −1, அதாவது மீதியின்றி வகுபட ஒன்று குறைகிறது. நான்காம் அடுக்குக்கு ஏற்றுங்கள், 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இதில் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போட்டால், −2³²-இன் மீதி 1 என்றாகிறது. அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபடத்தானே வேண்டும்! இதைவிட அழகான நாலு வரிக் கணக்கு எனக்குத் தெரியாது. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை வகுத்திகள்?

ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. எனவே 2⁷ = 128.

கேள்வி: எக்செலில் இந்த எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடுகின்றன. என் கணினியில் கோளாறா?

கோளாறு இல்லை. எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். இந்த எண்ணிலோ 20. அதனால் 18446744073709500000 என்று மாற்றிவிடுகிறது. கட்டத்தை முதலில் 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டினால் எண் அப்படியே நிற்கும், ஆனால் கணக்குப் போட உதவாது. கணக்கே வேண்டுமென்றால் பைத்தான் என்ற நிரல்மொழி நல்லது. அதில் முழு எண்ணுக்கு இலக்க வரம்பு கிடையாது.

கேள்வி: ஒன்றைக் கழிக்காமல் கூட்டினால்?

2⁶⁴ + 1-இடம் மேலே சொன்ன பள்ளிச் சூத்திரம் செல்லாது. வர்க்கங்களின் வித்தியாசமாக அது நம் கைக்கு எளிதில் சிக்குவதில்லை. ஆய்லருக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1880-இல்தான் பிரெஞ்சுக் கணிதர் லாண்ட்ரி அதை உடைத்தார்: 274177 × 67280421310721. இரண்டே எண் தள்ளி நிற்கும் அண்டை வீட்டுக்காரர்கள், ஒருவர் ஒரு நிமிடத்தில் பிரிந்துவிடுகிறார், மற்றவர் அவ்வளவு காலம் காக்க வைக்கிறார்.