ஏற்றிய ட்ரெய்லரை எங்கே விடுவது? கனடா வந்த தம்பிக்கு

பெரிய ட்ரெய்லர் ட்ரக் ஓட்டும் ஏஇசட் லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம், சொந்த ட்ரக்கை ஒரு கம்பெனியில் ஓட்டுகிறேன், வெள்ளி மாலை ஏற்றும் சரக்கைத் திங்கள் காலைதான் இறக்க வேண்டும், இடையில் ட்ரெய்லரை வீட்டுக்குப் பக்கத்து பிளாசாவின், அந்தக் கடைத் தொகுதியின், பின்னால் விடலாமா, இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். கூடவே குளிர் எப்படி, மாதம் எவ்வளவு மிஞ்சும், குடும்பத்தை எப்போது கூப்பிடலாம் என்றும். மிஞ்சுவது ஆளுக்கு ஆள் வேறு. குடும்பத்தைப் பற்றி உங்கள் மனைவியிடம் கேளுங்கள். நான் பிளாசா கதைக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் இதே கணக்கை 2006இல் நானும் போட்டேன்.

விடாதீர்கள் தம்பி.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்கிறீர்களே, எந்த இன்சூரன்ஸ்? ட்ரக்குக்கு ஒன்று. இழுக்கிற ட்ரெய்லர் அடுத்தவருடையது என்றால் அதற்கு ஒன்று. உள்ளே இருக்கிற சரக்குக்கு கார்கோ என்று இன்னொன்று. சரக்கு களவு போனால் இந்த கார்கோ பாலிசியைத்தான் புரட்டுவார்கள். ஆளில்லாமல் விட்ட வண்டியைப் பற்றி அதில் பெரும்பாலும் ஒரு பந்தி இருக்கும். பாலிசிக்குப் பாலிசி வார்த்தை மாறும். ஆனால் வழக்கமாகக் கேட்பது சுற்றுவேலி, பூட்டிய கேற், இரவு வெளிச்சம், காவலாள் அல்லது கமரா, ட்ரக்கைக் கழற்றிக்கொண்டு போனால் கிங்பின் பூட்டு, அதாவது ட்ரக்கோடு கொளுவ ட்ரெய்லரின் முன்பக்கம் கீழே இருக்கும் இரும்பு முளைக்குப் போடும் பூட்டு. பாதுகாப்பான இடம் என்றால் என்ன என்பதை அந்தத் தாள்தான் சொல்லும், நீங்களோ நானோ அல்ல. பிளாசாவுக்கு வேலியும் இல்லை, கேற்றும் இல்லை.

என் கதை மே மாதம் திங்களும் விடுமுறையாக வரும் விக்டோரியா தின நீண்ட வாரவிடுமுறையில் நடந்தது. டொரண்டோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தின் பின்பக்கம் ட்ரெய்லரை விட்டேன். பின்கதவில் பெரிய பூட்டு, கதவு திறக்கப்பட்டதா என்று காட்டும் நம்பர் போட்ட சீல், இரண்டும் சரி. கிங்பின் பூட்டு ட்ரக்கில் சீட்டுக்குக் கீழே பெட்டி பிரிக்காமல் கிடந்தது. ஐந்து நிமிட வேலை. குனிந்து கிரீஸில் கை வைக்கப் பஞ்சி. செவ்வாய் காலை போனால், ட்ரக் இல்லாதபோது ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் லாண்டிங் கியர் கால்கள் அழுத்திய இரண்டு தடங்கள்தான் தாரில் இருந்தன.

கள்ளருக்குக் கதவு எதற்கு? தங்கள் ட்ரக்கைப் பின்னால் எடுத்துக் கொளுவி, காற்றுக் குழாய்களை மாட்டி, கால்களை உயர்த்திக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு கிழமை கழித்து ட்ரெய்லர் மட்டும் வேறொரு ஊரில் தெருவோரம் வெறுமையாக நின்றது.

இன்சூரன்ஸிலிருந்து வந்தவர் மூன்றே கேள்வி கேட்டார். வேலி இருந்ததா? யாராவது காவல் இருந்தார்களா? கிங்பின் பூட்டு போட்டிருந்ததா? மூன்றுக்கும் இல்லை. இழப்பு தர முடியாது என்று கடிதம் வந்தது. நான் ஓடிய கம்பெனி அந்த இழப்பை 14 மாதம் என் கணக்கில் வெட்டியது. ஒன்டாரியோவில் பில் ஆஃப் லேடிங் என்ற சரக்குச் சீட்டில் பெறுமதி எழுதாவிட்டால் ஏற்றிச் செல்பவருக்குக் கூடியது கிலோவுக்கு 4.41 டொலர்தான் பொறுப்பு என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். 15,000 கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்கள், 66,150 டொலர். நல்ல ஆறுதல்!

'ஒன்றும் நடக்காது, நாங்கள் பத்து வருஷமாக அங்கேதான் விடுகிறோம்' என்று எனக்குச் சொன்னதும் நம் ஆட்கள்தான். களவு போன பிறகு ஒருவரும் போன் எடுக்கவில்லை. உங்களிடமும் வருவார்கள்.  

யாட் பிடியுங்கள், வேலியும் கேற்றும் உள்ள ட்ரக் தரிப்பிடம். ஆனால் கலிடன் பக்கம் வயலில் கல் கொட்டி மலிவாக விடும் அனுமதியில்லாத இடங்களுக்குப் போகாதீர்கள். நகரசபை மூடச் சொன்னால் நடுவில் எங்கே போவீர்கள்? யாட்டின் பெயரையும் விலாசத்தையும் எழுதி, அங்கே விட்டால் கார்கோ பாலிசி செல்லுமா என்று இன்சூரன்ஸ் புரோக்கரிடம் ஈமெயிலில் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள், போனில் எல்லாரும் ஓம் என்பார்கள். பின்கதவை சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். வெயில் காலத்தில் லாண்டிங் கியருக்குக் கீழே பலகை வையுங்கள், இல்லாவிட்டால் பாரத்தில் தாருக்குள் இறங்கிவிடும். கிங்பின் பூட்டோடு, காற்றுக் குழாய் மாட்டும் வாய்க்குப் போடும் கிளாட்ஹாண்ட் பூட்டும் போடுங்கள். காற்றுக் குழாயை மாட்ட முடியாவிட்டால் ட்ரெய்லரின் பிரேக் விடாது. பூட்டு, சீல் நம்பர், கேற் மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். யாட்டில் விடாமல் நேரே தூரப் பயணம் போகும் சரக்கு என்றால், டீசலை ஏற்றுவதற்கு முன்பே அடித்துவிட்டு, முதல் 300 கிலோமீட்டர் எங்கும் நிற்காமல் ஓடுங்கள். பின்தொடர்பவன் நீங்கள் நிற்கும் முதல் இடத்துக்காகத்தான் காத்திருப்பான். எல்லாவற்றையும் விட நல்லது, திங்கள் காலையே ஏற்றித் தரச் சொல்லி, லோட் ஒழுங்கு செய்து தரும் டிஸ்பாச்சரோடு சண்டை பிடிப்பது. நான் இப்போது அப்படித்தான். வாயாடி என்று பெயர், பரவாயில்லை.

பூட்டுப் போடப் பழக்கியது பிரம்டனில் ஒரு வயதான பஞ்சாபிக்காரர். களவு போன கிழமை, நான் யாட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது ஒன்றும் பேசாமல் என்னைத் தன் ட்ரெய்லருக்குக் கீழே கூட்டிப்போய் இருட்டில் தடவிப் பூட்டிக் காட்டினார். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஆங்கிலம்தான். கண்ணை மூடிக்கொண்டு செய் என்றார், பத்துத் தரம் செய்ய வைத்தார்.

குளிரைக் கேட்டீர்களே. ஜனவரியில் அந்தப் பூட்டுக்குள் தண்ணீர் உறைந்து சாவி திரும்பாது. சுடுநீர் ஊற்றாதீர்கள், அதுவும் உறையும். அவர் லைட்டரால் சாவியைச் சூடாக்கி உள்ளே விட்டு, மெல்ல ஆட்டி, பிறகு திருப்புவார். புகைப்பதை விட்டு எட்டு வருஷம், என் ஜாக்கெட்டில் லைட்டர் இன்னும் இருக்கிறது.