பயிற்சி முடிந்த காவலர்கள் ஓட்டத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

பயிற்சிக் காலத்தில் தினமும் ஓடியவர்கள் பணியில் சேர்ந்ததும் ஏன் நிறுத்திவிடுகிறார்கள், பயிற்சியாளர்கள் எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சோம்பேறித்தனம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட வேண்டாம். ஓட்டத்தின் மேல் வரும் வெறுப்பு பெரும்பாலும் பயிற்சி மைதானத்திலேயே விளைகிறது.

ஷூ பாலிஷ் சரியில்லையா, 50 தண்டால். வரிசைக்குத் தாமதமா, மைதானத்தை 3 சுற்று. மாதக்கணக்கில் இப்படியே போனால் தண்டால் என்றாலே தண்டனை என்று மனதில் பதிந்துவிடும். தண்டிக்கும் ஆள் இல்லாத இடத்தில் அதை யார் விரும்பிச் செய்வார்? ஒழுங்குத் தவறுக்குக் கூடுதல் வேலை கொடுங்கள், உடற்பயிற்சியைத் தொடாதீர்கள். கோபத்தில் சொல்லும் 300 பஸ்கி ஆபத்தும்கூட. பழகாத தொடைத் தசை சிதைந்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது, எல்லாரையும் ஒரே வரிசையில் ஓட விடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு மூச்சாக ஓடி 2.4 கிலோமீட்டரை ஒருவர் 11 நிமிடத்தில் முடிக்கிறார், இன்னொருவர் 15 நிமிடத்தில். கிலோமீட்டருக்கு முன்னவருக்கு 4 நிமிடம் 35 விநாடி, பின்னவருக்கு 6 நிமிடம் 15 விநாடி. அணி மொத்தமும் 5 நிமிடம் 30 விநாடி வேகத்தில் 5 கிலோமீட்டர் ஓடினால் முன்னவர் பேசிக்கொண்டே வருவார், அவருக்கு முன்னேற்றம் இல்லை. பின்னவரிடம் அந்த வேகமே கிடையாது. தினமும் கடைசியில் வந்து திட்டு வாங்குகிறவருக்கு ஓட்டம் எப்படிப் பிடிக்கும்? முதல் வாரமே நேரம் பார்த்து மூன்று நான்கு குழுவாகப் பிரித்துவிடுங்கள். 6 வாரத்துக்கு ஒருமுறை மறுபடி நேரம் எடுத்து, அவரவர் பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். குழு பிரித்து ஓட விட்டால் காயமும் குறையும்.

காயத்தை மறைக்கும் பழக்கம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. மருத்துவ அறைக்குப் போனால் 'சாக்கு சொல்கிறான்' என்று பெயர் விழும், கூடச் சேர்ந்தவர்களோடு பயிற்சி முடிக்க முடியாமல் போகும் என்ற பயம். புதிதாகப் பாரம் ஏறும்போது எலும்பு முதலில் கொஞ்சம் கரைந்து, பிறகுதான் கெட்டிப்படும். அதனால் மூச்சு பழகிவிட்ட பிறகும், முதல் சில வாரங்களுக்கு எலும்பு பின்தங்கியே இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்விளிம்பை ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்கு வலி பரவியிருந்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சவ்வின் உளைச்சல், ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், ஓய்விலும் இரவிலும் வலித்தால், எலும்பில் கீறல் இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். ஆரம்ப எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம், 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, நீண்ட ஓட்டம் மட்டும் பணிக்குப் போதாது. தேவைப்படுவது திடீரென 60 மீட்டர் பாய்வது, மாடிப்படி ஏறுவது, திமிறுகிறவரைப் பிடித்து நிறுத்துவது, மயங்கியவரை இழுத்து வெளியே கொண்டுவருவது. வாரம் ஒருநாள் 60 மீட்டர் பாய்ச்சல் 6 முறை, ஒவ்வொன்றுக்கும் பிறகு நடந்து திரும்புதல். இரண்டு நாள் எடை தூக்குதல், 70 கிலோ பொம்மையை 15 மீட்டர் இழுத்தல். எதற்குச் செய்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்தால் முணுமுணுப்பு தானாகக் குறையும்.

பயிற்சியின் கடைசி 8 வாரத்தில் வாரம் இரண்டு நாள், விசில் ஊதாமல் விடுங்கள். இரவுப் பணி முடித்து வந்த நாளில் 20 நிமிடத்தில் என்ன செய்வாய் என்று கேட்டு, அவர்களே எழுதி அவர்களே செய்யட்டும்.