பூட்லோடருக்கு ஃபர்ம்வேர் கோப்பைத் தயார் செய்வது: கேள்வி பதில்

சிப்புக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் சின்ன நிரல்தான் பூட்லோடர். சீரியலோ யுஎஸ்பியோ, ஏதோ ஒரு வழியில் நம் ஃபர்ம்வேரை, அதாவது சிப்பில் ஓடப்போகும் நம் நிரலை வாங்கி, ஃப்ளாஷ் என்ற நிலையான நினைவகத்தில் எழுதிவிட்டு, அதற்கு வழிவிடும். அதனிடம் எந்தக் கோப்பை, எப்படித் தயார் செய்து கொடுப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முகவரிகளை எல்லாம் ஹெக்ஸ் எண்ணிலேயே எழுதியிருக்கிறேன்.

அக்கா, கம்பைல் செய்தால் எல்ஃப், ஹெக்ஸ், பின் என்று மூன்று கோப்புகள் வருகின்றன. எதைக் கொடுப்பது?

எல்ஃப் டிபக்கருக்கானது. பெரும்பாலான பூட்லோடர்களுக்கு அது புரியாது. மற்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முகவரி. பின் கோப்பில் வெறும் பைட்டுகள்தான்; எங்கே எழுத வேண்டும் என்பதை நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெக்ஸில் அது உள்ளேயே இருக்கிறது. நோட்பேடில் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளி, பைட் எண்ணிக்கை, முகவரி, வரியின் வகை, தரவு, கடைசியில் வரி சிதையவில்லை என்று சரிபார்க்கும் செக்சம்.

அந்த முகவரிக்கு 16 பிட் இடம்தான் உண்டு. அதனால் 32 பிட் சிப்களுக்கு 04 என்ற வகை வரி தனியாக வந்து முகவரியின் மேல் பாதியைச் சொல்லும். எஸ்டிஎம்32 கோப்பின் முதல் வரியில் 0800 என்று தெரிவது அதுதான். அனுப்பும் கருவியைச் சொந்தமாக எழுதுகிறவர்கள் இந்த வரியைக் கண்டுகொள்ளாமல் விட்டால், நிரல் 64 கேபிக்குள் இருக்கும்வரை எல்லாம் ஓடும். அதைத் தாண்டியதும் பின்பகுதி போய் முன்பகுதியின் மேலேயே எழுதப்படும்.

ஆர்டுயினோ ஊனோவுக்கு இரண்டு ஹெக்ஸ் வருகிறதே, ஒன்றில் 'பூட்லோடருடன்' என்று இருக்கிறது?

யுஎஸ்பி வழியாக ஏற்றினால் பூட்லோடர் இல்லாதது. தனி புரோகிராமர் வைத்து வெற்றுச் சிப்பில் எழுதினால் பூட்லோடருடன் இருப்பது. ஊனோவில் ஆப்டிபூட் என்ற பூட்லோடர் ஃப்ளாஷின் கடைசி 512 பைட்டில் இருக்கிறது. 32768இல் அது போக மீதி 32256 பைட் உங்களுக்கு. நிரல் 0 முகவரியிலேயே தொடங்குவதால் லிங்கர் ஸ்கிரிப்டை, அதாவது நிரல் எந்த முகவரியில் உட்கார வேண்டும் என்று சொல்லும் கோப்பைத் தொட வேண்டியதில்லை.

மேடம், எஸ்டிஎம்32எஃப்103இல் முதல் 8 கேபியில் நானே எழுதிய பூட்லோடர். முக்கிய நிரலான ஆப் 08002000இல். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டேன், எல்லாம் சரி. ஆனால் ஓடவில்லை.

பைட்டுகள் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவை வேறு வீட்டுக்காகத் தயாரானவை என்று நினைக்கிறேன். கோப்பை 08002000இல் எழுதினால் மட்டும் போதாது, அந்த முகவரிக்கே லிங்க் செய்யவும் வேண்டும். லிங்கர் ஸ்கிரிப்டில் ஃப்ளாஷின் தொடக்கத்தை 08002000 ஆக்குங்கள், நீளத்தை 64 கேபியிலிருந்து 56 ஆகக் குறையுங்கள்.

செய்துவிட்டு, அனுப்பும் முன் பின் கோப்பின் முதல் 8 பைட்டை ஒரு ஹெக்ஸ் வியூவரில் பாருங்கள். இந்தப் பழக்கத்தை எல்லோரும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. முதல் நான்கு பைட் ஸ்டாக் தொடங்கும் இடம். உங்கள் சிப்பில் ரேம் 20 கேபி என்றால் பெரும்பாலும் 00 50 00 20 என்று இருக்கும். பின்னாலிருந்து படித்தால் 20005000. அடுத்த நான்கு ரீசெட் முகவரி, அதாவது நிரல் ஓடத் தொடங்கும் இடம். 45 21 00 08 என்று இருந்தால் அது 08002145. உங்கள் ஆப் பகுதிக்குள் வருகிறது, ஒற்றைப்படையாகவும் இருக்கிறது, சரி. இந்தச் சிப் புரிந்துகொள்ளும் தம்ப் கட்டளைகளுக்கு அந்தக் கடைசி பிட் 1 ஆக இருந்தே தீர வேண்டும். அங்கே 08000145 என்று தெரிந்தால் லிங்கர் ஸ்கிரிப்ட் இன்னும் மாறவில்லை.

இதுவும் சரியாக இருந்து, முதல் இன்டரப்டில் (வேலையை இடைமறிக்கும் சமிக்ஞையில்) விழுந்தால் வெக்டார் டேபிளை, அதாவது எந்த இன்டரப்டுக்கு எங்கே போக வேண்டும் என்ற பட்டியலைப் பாருங்கள். பூட்லோடர் அதை 08002000க்கு மாற்றியிருந்தாலும், ஆப்பின் தொடக்கக் குறியீடு மறுபடி 08000000 ஆக்கிவிடுவதுண்டு. பூட்லோடரிலிருந்து ஆப்புக்குத் தாவும் முன் சிஸ்டிக் டைமரையும், பூட்லோடர் திறந்துவைத்த மற்ற இன்டரப்டுகளையும் அணைத்துவிடுங்கள்.

64 கேபி சிப்புக்குப் பின் கோப்பு 384 எம்பி வருகிறது! முன்பகுதியை மட்டும் வெட்டி அனுப்பலாமா?

வேண்டாம். ஃப்ளாஷ் 08000000, ரேம் 20000000. இடையிலுள்ள தூரம் சரியாக 384 எம்பி. ஏதோ ஒரு பகுதியின் லோடு முகவரி (அது எழுதப்படும் இடம்) ரேமில் இருக்கிறது, பின் கோப்பை உருவாக்கும் ஆப்ஜ்காப்பி நடுவிலுள்ள வெற்றிடம் முழுவதையும் நிரப்பிவிட்டது. அது பெரும்பாலும் தொடக்க மதிப்பு கொண்ட மாறிகளின் பகுதிதான். வெட்டினால் அந்த மதிப்புகள் போய்விடும், நிரல் குப்பை எண்களோடு ஓடும். லிங்கர் ஸ்கிரிப்டில் அந்தப் பகுதியின் லோடு முகவரியை ஃப்ளாஷுக்கு மாற்றுங்கள்.

ராஸ்பெர்ரி பை பிகோ போர்டுக்கு யுஎஃப்2 கோப்பு, பின் கோப்பைவிட இரண்டு மடங்கு. ஃப்ளாஷிலும் அவ்வளவு இடம் பிடிக்குமா?

பிடிக்காது. யுஎஃப்2இல் ஒவ்வொரு துண்டும் 512 பைட். அதில் உங்கள் தரவு வழக்கமாக 256 பைட், மீதி முகவரி, துண்டின் எண், சிப் குடும்பம் போன்றவை. பென் டிரைவ் மாதிரி இழுத்துப் போடும்போது கணினி துண்டுகளை எந்த வரிசையிலும் அனுப்பலாம். எனவே ஒவ்வொரு துண்டும் தன் முகவரியைத் தானே சுமக்கிறது, அழகான யோசனை. பின் கோப்பின் பெயரை மட்டும் யுஎஃப்2 என்று மாற்றினால் வேலை செய்யாது.

ஈஎஸ்பி32இல் மூன்று கோப்புகள். ஓடிஏவுக்கு (கேபிள் இல்லாமல் புதுப்பிக்க) எது?

ஆப் கோப்பு மட்டும். முதல் தடவை கேபிளில் ஏற்றும்போதுதான் மூன்றும்: பூட்லோடர் 1000இல், பார்ட்டிஷன் டேபிள் 8000இல், ஆப் வழக்கமாக 10000இல். எஸ்3, சி3 சிப்களில் பூட்லோடர் 0இல்.

அக்கா, பைத்தானின் இசட்லிப் நூலகத்தில் சிஆர்சி32 (தரவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) கணக்கிட்டுக் கோப்பில் சேர்த்தேன். எஸ்டிஎம்32எஃப்103இன் ஹார்ட்வேர் வேறு விடை தருகிறது.

இரண்டும் ஒரே பல்லுறுப்புக்கோவைதான், தொடக்க மதிப்பும் ஒன்றுதான். ஆனால் இசட்லிப் பிட்டுகளைத் திருப்பிப் போட்டு, கடைசியில் தலைகீழாகவும் மாற்றும்; இந்தச் சிப் இரண்டையும் செய்யாது. தவிர, நான்கு நான்கு பைட்டாகத்தான் வாங்கும், அதனால் ஒவ்வொரு நான்கின் வரிசையும் புரண்டுவிடும். சிப் செய்வதையே பைத்தானில் பத்து வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நீளம் நான்கின் மடங்காக இல்லாவிட்டால் எஃப்எஃப் போட்டு நிரப்புங்கள்; அழித்த ஃப்ளாஷில் இருப்பதும் அதுதான்.

சிஆர்சியோடு நிறுத்தாதீர்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே சிப்பில் இரண்டு வகை போர்டுகள், ரிலே பின்கள் மட்டும் வேறு. ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்குப் போய்விட்டது. சிஆர்சி சரியாக இருந்ததால் பூட்லோடரும் ஏற்றுக்கொண்டது. மோட்டார் தவறான நேரத்தில் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து போர்டு எண், பதிப்பு, நீளம், சிஆர்சி நான்கும் இல்லாத கோப்பை நான் வெளியே அனுப்புவதில்லை. யாரோ வேண்டுமென்றே மாற்றிய கோப்பைத் தடுக்க சிஆர்சி உதவாது, அதற்குக் கையொப்பம் வேண்டும். எம்சியூபூட் என்ற பூட்லோடரின் இமேஜ்டூல் அதைச் செய்து தரும்.

எஸ்டிஎம்32எஃப்103இல், நீங்கள் சொன்ன அந்த நான்கையும் ஆப்புக்கு முன்னால் 16 பைட் முகப்பாகச் சேர்த்தேன். இப்போது இன்டரப்ட் வருவதே இல்லை.

வெக்டார் டேபிள் 16 பைட் தள்ளிப் போய்விட்டது. உங்கள் சிப்பில் அது 512இன் மடங்கில் தொடங்க வேண்டும். முகப்புக்கு முழு 512 பைட்டையும் ஒதுக்கி, மீதியை எஃப்எஃப் போட்டு நிரப்பி, ஆப்பை 08002200க்கு லிங்க் செய்யுங்கள். பூட்லோடர் தாவும் முகவரியையும் அதற்கே மாற்றுங்கள்.