கொழும்பில கம்பி வாங்கி யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப கன்டெய்னரா லொறியா நல்லம்?

ஆமர் வீதியில 12 மில்லிமீற்றர் கம்பி, 6 மீற்றர் நீளம், 500 துண்டு வாங்கி யாழ்ப்பாணம் அனுப்பணும், எதில ஏத்துறதுன்னு கேட்டிருக்கீங்க. லொறிதான், யோசிக்கவே தேவையில்ல.

20 அடி கன்டெய்னருக்கு உள்நீளம் கிட்டத்தட்ட 5.9 மீற்றர்தான், 6 மீற்றர் கம்பி நேரா உள்ள போகாது, சரிச்சு வச்சா ஒண்டு ரெண்டு போகும், ஆனா கட்டுக்கட்டா கிரேன்ல இறக்கி ஏத்துற சாமானுக்கு அது சரிவராது.

முதல்ல கம்பியிட நிறை எவ்வளவுன்னு பாருங்க. மில்லிமீற்றரில இருக்கிற விட்டத்தை அதே விட்டத்தால பெருக்கி 162ஆல பிரிச்சா மீற்றருக்கு எத்தின கிலோன்னு வரும், 12க்கு 0.89 கிலோ, அப்ப உங்கட 500 துண்டும் சுமார் 2,670 கிலோ. பார்க்க சின்னக் கட்டாத்தான் இருக்கும், லொறியில பாதி இடம் காலியா கிடக்கும், அதப் பார்த்து இன்னும் ஏத்துங்கன்னு சொல்லிடாதீங்க, பாரம் கூடினா டிரைவர்தான் மாட்டுவார்.

லொறித் தட்டு சின்னதுன்னு கம்பிய நடுவால மடிச்சு ஏத்துவாங்க பாருங்க, அதுக்கு மட்டும் விடாதீங்க, மடிச்சு நிமிர்த்தின இடத்தில கம்பி பலம் குறையும். அடியில மரக்கட்டை வச்சு, சங்கிலி போட்டு இறுக்கி, பின்னால நீட்டினா சிவப்புத் துணி கட்டச் சொல்லுங்க. லேசான துருவுக்குப் பயப்படத் தேவையில்ல, செதில் செதிலா உரிஞ்சா வாங்காதீங்க.