உமையா கலீஃபாக்கள் கட்டினதெல்லாம் வெறும் ஆடம்பரத்துக்குத்தானா?

டமாஸ்கஸ்ல இருந்து இஸ்லாமிய ராஜ்யத்த ஆண்ட உமையா வம்சத்து கலீஃபாக்கள் (ராஜ்யத் தலைவர்கள்) கட்டின பள்ளிவாசல், மாளிகை எல்லாம் ஆடம்பரம்தானே, ஆட்சி நடத்த அதனால என்ன பிரயோஜனம்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா அந்தக் கட்டடங்கள ஆட்சியில இருந்து பிரிச்சுப் பாக்கவே முடியாது.

உமையா கலீஃபா அப்துல் மலிக் 685ல பதவிக்கு வரும்போது பாதி ராஜ்யம் அவர் கையிலயே இல்ல, மக்காவுல அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் தனியா கலீஃபாவா இருந்தாரு, ஈராக்கும் கைவிட்டுப் போயிருந்துச்சு, அந்த நெருக்கடியிலதான் ஜெருசலேம்ல பாறைக் குவிமாடம் (Dome of the Rock)ங்கிற இஸ்லாமியப் புனிதக் கட்டடம் எழும்புது. உள்ள சுமார் 240 மீட்டர் நீளத்துக்கு மொசைக்ல அரபி எழுத்து, அதுல ஹிஜ்ரி 72னு வருஷம் இருக்கு, அதாவது 691-692. கிறிஸ்தவங்க நிறைய இருந்த ஊர்ல, இறைவன் ஒருவனே, ஈஸா நபி (இயேசு) அவனோட தூதர்னு பொறிச்சு வெச்சாங்க, இந்த ராஜ்யம் யாரோடது, எந்த நம்பிக்கையில நிக்குதுன்னு ஊருக்கே சொல்றதுதான் அது. உமையாக்களுக்குப் பின்னாடி ஆட்சிக்கு வந்த அப்பாஸிய வம்சத்து கலீஃபா மஃமூன் காலத்துல அப்துல் மலிக் பேரை எடுத்துட்டு மஃமூன் பேரைப் போட்டாங்க, ஆனா வருஷத்த மாத்தல, அதனாலதான் நமக்கு உண்மை தெரியுது.

அதுக்கு கொஞ்ச வருஷத்துலயே காசும் மாறுது. அதுவரைக்கும் பைசாந்திய (கிழக்கு ரோம), பாரசீக மாடல்ல ராஜா உருவம் போட்ட காசுதான் பெரும்பாலும் ஓடுச்சு, 696-697ல உருவமே இல்லாம முழுக்க எழுத்து மட்டும் உள்ள தங்க தினார் வந்துச்சு, எடை சுமார் 4.25 கிராம். டமாஸ்கஸ் வரிக் கணக்கு கிரேக்கத்துல, ஈராக் கணக்கு பாரசீகத்துல எழுதிட்டு இருந்தாங்க, அதுவும் அரபிக்கு மாறுச்சு. ரோட்டோரம் நட்ட மைல்கல்லுல கூட கலீஃபா பேரு.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது எகிப்துல கிடைச்ச பாப்பிரஸ் (நாணல் தாள்) கடிதங்கள். அப்துல் மலிக் மகன் வலீத் டமாஸ்கஸ்ல பெரிய பள்ளிவாசல் கட்டிட்டு இருக்கார், அப்போ எகிப்து கவர்னர் குர்ரா இப்னு ஷரீக், மேல் எகிப்துல அஃப்ரோதிட்டோங்கிற ஊர் நிர்வாகி பசிலியோஸுக்கு கிரேக்கத்துல எழுதுறார் (மேல மாறின மொழி கிராமம் வரைக்கும் உடனே இறங்கல பாருங்க), டமாஸ்கஸ் பள்ளிவாசலுக்கு இத்தனை வேலையாள் அனுப்பு, ஜெருசலேம் பள்ளிவாசலுக்கு இத்தனை பேரு, இத்தனை மாசத்துக்கு கூலியும் சாப்பாட்டுச் செலவும் உங்க ஊர் கணக்குலனு. லேட்டானா கடுமையா திட்டியும் எழுதியிருக்கார். யாரோ ஒரு விவசாயி வீட்டுப் பையன் தன் ஊர் நைல் கரைய விட்டு சிரியாவுக்குப் போய் கல் சுமந்திருப்பான்னு நினைச்சா எனக்கு மனசு கனக்குது, அந்தப் பள்ளிவாசலோட மொசைக் அழகைப் பத்தி பேசுறவங்க இவங்களப் பத்தி பேசுறதே இல்ல.

அதே கடிதக் கட்டுலதான் கடற்படைக்கு மாலுமி வேணும், வரி பாக்கி எங்க, ஊரைவிட்டு ஓடினவங்களப் பிடிச்சு அனுப்புனு உத்தரவும் வருது. பள்ளிவாசல் கட்டுறதுக்குன்னு தனியா ஒரு ஏற்பாடு இல்ல, வரி வசூலிச்ச அதே ஆளுங்க, அதே கணக்குப் புத்தகம்தான்.