டாஸ் மட்டும் உள்ள மடிக்கணினியில் முறையான இயங்குதளம் இருக்கிறதா?

சென்னை ரிச்சி தெருக் கடையில் ‘ஓஎஸ் (இயங்குதளம்) இல்லை, டாஸ்தான்’ என்று சொல்லி விற்ற மடிக்கணினியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் சொல்வது விண்டோஸ் இல்லை என்ற பொருளில்தான். டாஸ் என்பது தட்டச்சு செய்யும் கட்டளைகளால் இயங்கும் பழைய வகை மென்பொருள். கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் துடித்தாலும், இருப்பது இயங்குதளமே என்பது என் கருத்து. 1981இல் வந்த எம்எஸ்-டாஸும், அதற்கு இணக்கமாகப் பின்னர் எழுதப்பட்ட ஃப்ரீடாஸும், வட்டிலுள்ள கோப்புகளை நிர்வகித்து, நிரல்களை நினைவகத்தில் ஏற்றி, அவை கேட்கும் சேவைகளை அளிக்கின்றன.

ஆயினும், ஓடும் நிரல் டாஸ் தங்கியிருக்கும் நினைவகப் பகுதியிலேயே எதையாவது எழுதிவிட்டால் அதைத் தடுக்க டாஸிடம் வழியில்லை; அந்த நிரலோடு சேர்ந்து கணினியே முடங்கிவிடும். நினைவகப் பாதுகாப்பு இல்லாததை இயங்குதளம் என்று அழைக்கக்கூடாது என்போரின் வாதம் இதுதான். அந்த அளவுகோலை ஏற்றால், 1984இல் வெளிவந்த ஆப்பிளின் முதல் மேகின்டாஷ் கணினியின் மென்பொருளும் தேறாது. அதை இயங்குதளமல்ல என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.